‘பாட்டி பானி’ என்பதும் ஒரு வாக்கியம்தான்

கேள்வி: நாங்கள் மதுரை, காமராஜர் சாலைப் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம். மகனுக்கு 2 வயது 4 மாதம். பேச்சு குறைவு. அவன் சொல்லும் வார்த்தைகளை எழுதிப் பார்த்தேன், 31தான் தேறியது. பட்டியலை இணைத்திருக்கிறேன். சேர்க்கப்போகும் பிளே ஸ்கூலில் கேட்டதற்கு, “வீட்ல ரெண்டு பாஷை பேசினா குழந்தை குழம்பிடும், தமிழோ இங்கிலீஷோ ஒண்ணை மட்டும் பேசுங்க” என்றார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் பார்த்துக்கொள்வது மாமியார்தான். அவர் அவனிடம் சௌராஷ்டிராவில்தான் பேசுவார். பள்ளியில் சொன்னதைச் சொன்னோம். இப்போது நம்மால் கெட்டுவிடக்கூடாது என்று பயந்து அவனிடம் அதிகம் பேசுவதே இல்லை. அவன் புடவையைப் பிடித்து இழுத்து “பாட்டி பானி” என்றால் பேசாமல் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்குப் பிறந்த வீடு சேலம். கல்யாணமாகி வந்த புதிதில் என் சௌராஷ்டிராவை இங்கே கேலி செய்வார்கள். அதிலிருந்து எனக்கும் கணவருக்கும் இடையில் தமிழ்தான். “எழுத்தே இல்லாத பாஷை, அதுக்கு எதுக்கு இவ்வளவு? தமிழ் ஒழுங்கா வந்தா போதும்” என்கிறார் அவர். அதுவும் சரியென்றே படுகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. பாஷை போய்விட்டால் நாளைக்கு இவன் சௌராஷ்டிராதானா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரைப் பேசச் சொல்லுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதல் மருந்து, தன்னைப் பார்த்துப் பேசும் ஒரு ஆள். காலையில் நீங்கள் இருவரும் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் திரும்பும்வரை உங்கள் மகனுக்கு அந்த ஆள் பாட்டிதான். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, மாடியில் காக்காய் காட்டும்போது அவர் பேசிக்கொண்டே இருந்திருப்பார். ஒரு பாஷையைக் குறைப்பதாக நினைத்து, நாளில் எட்டு மணி நேரம் அவன் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சையே நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. சொன்னவர்களும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த யோசனை தவறு.

இருபது வருடங்களுக்கும் மேலாக இந்த ஊரில் ஸ்பீச் தெரபி செய்கிறேன். ‘ரெண்டு பாஷை பேசினால் குழந்தை குழம்பும்’ என்ற பேச்சைக் கேட்காத வாரம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு உள்ள குழந்தைக்கு அது எத்தனை மொழி கேட்கிறதோ அத்தனையிலும் தெரியும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வேகம் பிடிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. உலகத்தில் ஏராளமான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு நடுவில்தான் வளர்கின்றன. நம் ஊரில் இது புதிதா என்ன? மதுரையில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரு வீட்டில் சௌராஷ்டிரா, அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் உருது கேட்கும். வாசலுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் தமிழ்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். ‘மம்மு’, ‘காக்கா’, ‘பைக்’, ‘வேணாம்’ எல்லாம் இருக்கின்றன. ‘பானி’ இல்லை. தண்ணீருக்கு அவன் அதைத்தான் சொல்கிறான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. உங்களை அறியாமல் தமிழை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். மாமியாரிடம் அவன் சொல்லும் மற்ற வார்த்தைகளும் இதே மாதிரி விடுபட்டிருக்கும். இரண்டு மொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டையும் கூட்ட வேண்டும். ஒரு மொழியை மட்டும் எண்ணி ‘குறைவு’ என்பது ஒரு பையில் இருக்கும் பணத்தை மட்டும் எண்ணிவிட்டு ஏழை என்பது போல.

இன்னொன்று. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய 50 சொற்களும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லும் பழக்கமும் வந்திருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். ‘பாட்டி பானி’ இரண்டு சொல். கூப்பிட வேண்டிய ஆளைக் கூப்பிட்டு, வேண்டியதைக் கேட்டிருக்கிறான். ஒன்று தமிழ், ஒன்று சௌராஷ்டிரா. இதைத்தான் குழப்பம் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இது ஒரு முழு வாக்கியம். கையில் இருக்கும் இரண்டு கருவியையும் பயன்படுத்தத் தெரிந்த குழந்தை இவன். அந்த வாக்கியத்துக்குத்தான் இப்போது பதில் வராமல் இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. முதல் வேலை காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று தள்ளிப்போடாதீர்கள். சளி பிடித்துப் பிடித்து விடும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது. ஓ.ஏ.இ., பெரா என்று சொல்வார்கள். வலி இல்லாத பரிசோதனைகள்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே விசாரியுங்கள். சொன்ன வார்த்தைகளை மறக்க ஆரம்பித்தால், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டால், நீங்கள் சொல்வது எந்த மொழியிலும் புரியாத மாதிரி இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் நேரில் காட்டுங்கள். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு நெசவாளர் குடும்பத்துப் பையன் வந்தான். மூன்று வயது. படம் காட்டினேன், பொம்மை காட்டினேன், தமிழில் மெதுவாகச் சொன்னேன். பேசாமல் உட்கார்ந்திருந்தான். ‘புரிதல் குறைவு’ என்று எழுதிவிட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, நேரமாகிறதே என்று எட்டிப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பையன் எழுந்து போய், மூலையில் கிடந்த பந்தை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மூன்று கட்டளைகள், ஒன்றுவிடாமல், வரிசையாக. எழுதியதை அடித்தேன். அன்றிலிருந்து வீட்டில் குழந்தையோடு அதிகம் பேசுபவர் யாரோ அவரையும் அறைக்குள் உட்காரவைத்துவிட்டுத்தான் பரிசோதனையைத் தொடங்குகிறேன்.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வர வேண்டும் என்கிறார், வேறென்ன. அவரிடம் இரண்டு பேரை நினைவுபடுத்துங்கள். தமிழ் உச்சரிப்பு என்றால் இன்றைக்கும் முதலில் சொல்லும் பெயர் டி.எம்.சௌந்தரராஜன். 1922இல் இதே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். ழகரத்துக்கு அவர் பாட்டைப் போட்டுக் காட்டுகிறோம். கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் 1993இல் தமிழுக்காகச் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். அவர் வீட்டு மொழியும் சௌராஷ்டிராதான். வீட்டு மொழி இவர்கள் தமிழை எந்த இடத்தில் தடுத்தது?

எழுத்து இல்லை என்பதும் சரியல்ல. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொ.மு.ராமராய் இந்த எழுத்தில் பாடநூல்களை அச்சிட்டிருக்கிறார். 2008இல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. ம, ன, ர, ல போன்ற ஒலிகளோடு மூச்சுக் காற்றும் சேர்ந்து வருமே, அதைக் காட்டுவதற்கென்றே அதில் ‘ஹாரு’ என்று ஒரு குறி இருக்கிறது. ஒலி வேலை செய்கிறவள் என்பதால் எனக்கு அந்தக் குறிமேல் தனிப் பிரியம். தங்கள் பேச்சைக் கூர்ந்து கேட்ட யாரோதான் அப்படி ஒரு குறி வைத்திருக்க முடியும். சொந்த எழுத்தில் எழுதுவதா, தேவநாகரியிலா, தமிழிலா என்று உங்கள் சமூகத்தில் நெடுநாளாக வாதம் நடக்கிறது. அதை இரண்டு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டாம். அவனுக்கு இப்போது காதும் வாயும் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சேலம் விஷயம். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கோ முழுக் கதையும் அங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. குஜராத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரம் வழியாகத் தெற்கே இறங்கி, நாயக்கர் காலத்து மதுரைக்குப் பட்டு நெய்ய வந்தவர்கள் உங்கள் முன்னோர். ஒரே ஊரில் தங்கவில்லை. சேலம், பரமக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், ஆரணி என்று பிரிந்து குடியேறினார்கள். வழியில் தெலுங்கும் கன்னடமும் ஏறின, இறங்கிய இடத்தில் தமிழ் ஏறியது. ஊருக்கு ஊர் பேச்சு கொஞ்சம் மாறத்தானே செய்யும். மதுரைக்காரர்களுக்குச் சேலத்துப் பேச்சு வேடிக்கையாகக் கேட்டிருக்கும். புது மருமகள், கேலிக்குக் கூச்சப்பட்டு, யாரும் சிரிக்க முடியாத மொழிக்கு மாறிக்கொண்டீர்கள். உங்கள் மகன் பிறந்தபோது அவன் அப்பாவும் அம்மாவும் சௌராஷ்டிரா பேசிக் கேட்கும் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பிளே ஸ்கூல் சொன்னது பாக்கி இருந்த ஒரே ஆளையும் நிறுத்திவிட்டது.

சிறிய மொழிகள் பல வீடுகளில் இப்படித்தான் போகின்றன. தடை போட யாரும் வருவதில்லை. சரியாகப் பேசவில்லை என்று வீட்டுக்குள்ளேயே சிரிப்பார்கள். சிரிப்புக்கு ஆளானவர் வாயை மூடிக்கொள்வார். வேலையும் காரணம்தான். குழித்தறியில் அப்பா, பாவு பிணைக்க அம்மா, நூல் சுற்றப் பாட்டி, நடுவில் பிள்ளைகள் என்று ஒரே வீடு தொழிற்கூடமாக இருந்தவரை அந்த மொழிக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. சுங்குடி முடிச்சுப் போட உட்கார்ந்த பெண்கள் கூடத்திலும் அதே பேச்சுதான். தறி போன வீடுகளில் மொழிக்கு மிஞ்சியது சமையலறையும் பஜனையும். நடனகோபால நாயகி சுவாமிகளின் சௌராஷ்டிரப் பக்திப் பாட்டுகள் இன்னும் பாடப்படுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாட்டாக மட்டும் தங்கிவிட்ட மொழியில் ஒரு பிள்ளை தண்ணீர் கேட்க முடியாது.

உங்கள் கடைசிக் கேள்வி: பாஷை போனால் இவன் சௌராஷ்டிராதானா?

ஆமாம், அப்போதும் சௌராஷ்டிராதான். யாரும் அதைப் பறிக்க முடியாது. வீட்டுப்பெயர் இருக்கும், கோத்திரம் இருக்கும், கல்யாணச் சடங்கு இருக்கும், உறவுகள் இருக்கும். அயர்லாந்தில் பெரும்பாலானவர்கள் அன்றாடம் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஐரிஷ்காரர்கள் இல்லையென்று யார் சொல்வது? மொழி பேசத் தெரியாத சௌராஷ்டிரப் பிள்ளைகளைப் பார்த்து ‘நீ என்ன சௌராஷ்டிரா’ என்று கேட்கும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கொடுமை. அந்தப் பிள்ளை செய்த தவறு அல்ல அது. வெட்கப்படுத்தினால் அவன் ஒதுங்கத்தான் செய்வான்.

ஆனால் பெயர் இருப்பதும் மொழி இருப்பதும் வேறு வேறு. சென்சஸைப் பாருங்கள். சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001இல் 1,85,420 பேர், 2011இல் 2,47,702 பேர். அதையும் குஜராத்தி என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறியிருக்கிறதே என்று ஆறுதல்படலாம். ஆனால் சென்சஸில் தாய்மொழி என்பது சிறுவயதில் அம்மா தன்னிடம் பேசிய மொழி. கைக்குழந்தைக்கு அம்மா பேசும் மொழியையே எழுதிக்கொள்வார்கள். அந்த மொழியில் இன்று ஒரு வாக்கியம் வருமா என்று அவர்கள் கேட்பதில்லை. பிள்ளைகள் வீட்டில் தாய்மொழியாகக் கற்காத மொழியை யுனெஸ்கோ நிச்சயமாக ஆபத்தில் இருப்பது என்று வகைப்படுத்துகிறது. அவர்கள் பார்க்கும் இடம் உங்கள் கூடம், உங்கள் சமையலறை.

மொழி போனால் என்ன போகும் என்பதை எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு. கோவில்பட்டிப் பக்கம். அவ்வா, அதாவது பாட்டி, தெலுங்கில் பேசுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். யாரும் தப்பாக நினைத்ததில்லை. எனக்கு எல்லாம் புரியும், வாயில் வராது. கடைசி மாதம் அவ்வாவுக்கு நினைவு தடுமாறியது. அறுபது வருடம் பேசிய தமிழ் கழன்றுபோய்த் தெலுங்கு மட்டும் மிஞ்சியது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘மஜ்ஜிக’ என்றார். மோர். “தர்றேன் அவ்வா” என்றேன். அவர் என்னை யாரோ நர்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் தெலுங்குக்காரி இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் அந்த அறையில் அவருக்கு நான் வெளியாள் ஆனேன். அதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

உங்கள் வீட்டில் இன்னும் அப்படி ஆகவில்லை. மருந்து கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நியூசிலாந்தில் மவோரி மக்கள் தங்கள் பிள்ளைகளிடம் மொழி நின்றுபோனதைக் கண்டு 1982இல் ‘கோஹங்கா ரேயோ’ என்று தொடங்கினார்கள். மொழிக் கூடு என்று பொருள். மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களையும் கைக்குழந்தைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டதுதான் அதன் அடிப்படை. அவர்கள் ஊர் கூடித் தேடி உண்டாக்கியது உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மாமியாரிடம் பேசும்போது ‘பேசலாமாம்’ என்று அனுமதி கொடுப்பதுபோல் சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னது தப்பு என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் மனதில் தன்னால் பேரன் கெட்டான் என்ற எண்ணம் தங்கியிருக்கும், அது லேசில் போகாது. சிரித்துக்கொண்டே விஷயத்தை முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அவன் ‘பாட்டி பானி’ என்றால் டம்ளரை நீட்டுவதற்கு முன் அவர் தன் மொழியில் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லட்டும். தண்ணீர் வேணுமா, இதோ தர்றேன், ஜில்லுன்னு இருக்கா என்று. இதுதான் நாங்கள் தெரபியில் செய்வதும். ‘சொல்லு, சொல்லு, பானி சொல்லு’ என்று பரீட்சை வைக்க வேண்டாம். விருந்தாளி முன்னால் பேசிக்காட்டச் சொல்லவே வேண்டாம்.

நீங்களும் பேசுங்கள். சேலத்து சௌராஷ்டிராவிலேயே பேசுங்கள். கணவரிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் இனி யாருடைய பேச்சையும் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. எல்லா நேரமும் முடியாவிட்டால் சாப்பாட்டு வேளை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தடுமாறும் இடத்தில் தமிழ் வார்த்தையைப் போட்டுக்கொண்டு மேலே போங்கள். கலப்படம் என்று நிறுத்தினால் பேச்சே நின்றுவிடும்.

நான்கு ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து மொழி அவனை இழுக்கும். அப்போது பாட்டி ஒருவரால் மட்டும் தாங்க முடியாது. பிள்ளைகள் பிள்ளைகளோடு பேசும் மொழியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சு பேசும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை யாராவது இருந்தால் இப்போதே சேர்த்து விளையாட விடுங்கள். லீவுக்குச் சேலம் அனுப்புங்கள். அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழி கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெறச் சமூகம் முயலட்டும், நல்லது. உங்கள் மகனுக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை.

பிளே ஸ்கூலில் சேர்க்கும்போது சண்டை போட வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு மொழி, அதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை, தெரபிஸ்ட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று சொல்லுங்கள். ‘பானி’ என்றால் தண்ணீர் என்று டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாகத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடாது பாருங்கள்.

காது பரிசோதனை முடிந்ததும் முடிவை எனக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலையும் புதிதாக எழுதி அனுப்புங்கள். இந்த முறை மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவனுடைய அரைகுறை வார்த்தைகளில் எது எதைக் குறிக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.